பல கணினிகளின் பின்னணிச் சேவைகளை ஓரிடத்திலிருந்து நிர்வகித்தல்: தோட்டப்புற நகரத்துக்கு எந்தக் கருவி பொருந்தும்?

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் போன்ற ஒரு தோட்டப்புற நகரில் கணினிகளைப் பராமரிக்கும் பொறுப்பு பெரும்பாலும் ஒரே ஆளிடம் வந்து சேர்கிறது. தோட்ட அலுவலகத்தில் சம்பளக் கணக்கும் செம்பனைக் குலைகளின் எடைப் பதிவும் ஓடும் கணினிகள், கூட்டுறவுக் கடையின் கல்லாவில் உள்ளவை, தமிழ்ப்பள்ளியின் கணினி அறை, கிளினிக்கின் நோயாளர் பதிவேடு என எல்லாவற்றையும் கூட்டினாலும் எண்ணிக்கை பெரிதாக இராது. ஆனால் அவை வெவ்வேறு கட்டடங்களில், விண்டோஸ், லினக்ஸ் என இரண்டு வகை இயங்குதளங்களில் சிதறிக் கிடக்கும். இவை ஒவ்வொன்றிலும் பயனரின் கண்ணில் படாமல் ஓடும் பின்னணிச் சேவைகள்தாம் உண்மையான வேலையைச் செய்கின்றன. கணக்கு மென்பொருளின் அடியில் ஒரு தரவுத்தளச் சேவையும், அச்சுப்பொறிக்குப் பின்னால் பிரிண்ட் ஸ்பூலரும், பகிர்ந்த கோப்புறைக்குப் பின்னால் சம்பாவும் இருக்கின்றன. அவற்றில் ஒன்று நின்றுவிட்டால், கிராணியின் திரையில் இணைப்புக் கிடைக்கவில்லை என்ற ஒற்றை வரி மட்டுமே தோன்றும்; எது நின்றது, ஏன் நின்றது என்பதை அந்த வரி சொல்லாது.

நின்ற சேவையைத் தொலைவிலிருந்து அடையாளம் கண்டு, காரணத்தைப் படித்து, மீண்டும் இயக்கிவிட உதவும் வரைகலைக் கருவிகளில் நான்கை இங்கே ஒப்பிடுகிறேன்: விண்டோஸுடன் வரும் சர்வீசஸ் கன்சோல், மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் அட்மின் சென்டர், லினக்ஸுக்கான காக்பிட், நெடுங்காலமாக இருந்துவரும் வெப்மின். திரையின் தோற்றத்தை வைத்து இவற்றைத் தரம்பிரிப்பதில் பயனில்லை, ஏனெனில் நான்கிலும் ஒரு பட்டியலும், தொடங்கவும் நிறுத்தவும் பொத்தான்களும் இருக்கின்றன. அந்தப் பொத்தானை அழுத்தும்போது கட்டளை எந்த வழியாக, யாருடைய கணக்கின் அதிகாரத்தோடு அடுத்த கணினியைச் சென்றடைகிறது என்பதில்தான் அவை வேறுபடுகின்றன. ஒருவருடைய தேர்வும் அதைப் பொறுத்தே அமைய வேண்டும் என்பது என் கருத்து.

கருவியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் செய்துவிட வேண்டிய ஒரு வேலை உண்டு. மாலை நேரத்து இடி மழையில் மின்சாரம் ஒரு கணம் போய் வந்தால், எல்லாக் கணினிகளும் ஒரே நேரத்தில் மறுபடி எழுகின்றன. ரௌட்டரும் சுவிட்ச்சும் தயாராவதற்கு முன்பே கணினிகள் தயாராகிவிடுவதால், வலைப்பின்னலை எதிர்பார்க்கும் சேவைகள் சில தோற்றுப்போகின்றன. லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி, தோற்ற சேவையை மீண்டும் இயக்குமாறு அமைக்கப்பட்டிருந்தாலும், இயல்பாக 100 மில்லிநொடி இடைவெளியில் முயன்று பார்க்கிறது. 10 நொடிக்குள் 5 முறை தோற்றால் அதோடு கைவிட்டுவிடுகிறது. உடனுக்குடன் தோற்கும் சேவையாக இருந்தால் ஐந்து முயற்சிகளும் ஓரிரு நொடிகளில் தீர்ந்துவிடும், ரௌட்டரோ எழுந்திருக்கவே ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். இடைவெளியை 30 நொடியாக மாற்றினால், பிழை நீடிக்கும் வரை அந்தச் சேவை பொறுமையாக முயன்றுகொண்டே இருக்கும். விண்டோஸில் இதற்கு இணையானது சேவையின் பண்புகளில் உள்ள மீட்பு என்ற பகுதி: முதல் தோல்வி, இரண்டாம் தோல்வி, அடுத்தடுத்த தோல்விகள் என்ற மூன்றுக்கும் சேவையை மறுபடி இயக்கு என்று குறிக்கலாம். ஆனால் அந்த ஏற்பாடு சேவை எதிர்பாராமல் செத்துவிழும்போது மட்டுமே செயல்படும்; பிழையைத் தானே அறிவித்துவிட்டு முறையாக நின்றுகொள்ளும் சேவைக்கும் அது பொருந்த வேண்டுமானால், அதே பகுதியில் பிழையுடன் நிற்பவற்றுக்கும் என்ற பொருளில் உள்ள கட்டத்தையும் குறிக்க வேண்டும். பலர் அந்தக் கட்டத்தைக் கவனிப்பதில்லை. கணினி எழும் நேரத்தின் நெரிசலில் தரவுத்தளம் தடுமாறுகிறது என்றால், அதைத் தானியங்கித் தொடக்கத்திலிருந்து தாமதத் தொடக்கத்துக்கு மாற்றிப் பார்ப்பதும் நல்லது. விண்டோஸ் ஒரு சேவையின் முதல் பதிலுக்காக இயல்பாக 30 நொடிதான் காத்திருக்கும். பழைய வன்தட்டு உள்ள கணினியில் அது போதாமல் போவது உண்டு.

இந்த அமைப்புகளைச் செய்துவிட்டால், தொலைவிலிருந்து பொத்தான் அழுத்த வேண்டிய தேவையில் பெரும்பகுதி மறைந்துவிடும். எஞ்சியிருப்பது தானாகச் சரியாகாத கோளாறுகள் மட்டுமே, அவற்றுக்குப் பொத்தானைவிடப் பதிவேடு முக்கியம். ஆகவே ஒரு கருவியில் சேவையின் நிலையும் அதன் பிழைப் பதிவும் ஒரே இடத்தில் தெரிகின்றனவா என்பதையும் ஓர் அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன்.

முதலில் சர்வீசஸ் கன்சோல். இதைப் பலர் ஒரே கணினிக்கான கருவியாக மட்டுமே அறிந்திருக்கிறார்கள். ஆனால் பட்டியலின் தலைப்பில் வலச்சொடுக்கினால் வேறொரு கணினியுடன் இணைக்கும் வசதி கிடைக்கும். அதைவிட நல்ல வழி, விண்டோஸின் மேலாண்மைக் கன்சோலை வெறுமையாகத் திறந்து, சர்வீசஸ் என்ற உறுப்பைப் பலமுறை சேர்த்து, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு கணினியை நோக்கித் திருப்பி, அதனருகே அந்தந்தக் கணினியின் நிகழ்வுப் பதிவேட்டையும் சேர்த்து, முழுவதையும் ஒரே கோப்பாகச் சேமித்துவிடுவதுதான். தோட்ட அலுவலகத்தின் ஆறு கணினிகளும் இடப்பக்க மரப்பட்டியலில் வரிசையாக நிற்கும். புதிதாக எதையும் நிறுவ வேண்டியதில்லை, செலவும் இல்லை.

தொல்லை வழியில்தான் இருக்கிறது. இந்தக் கன்சோல் ஆர்.பி.சி. என்ற பழைய முறையில் பேசுவதால் 135 என்ற போர்ட்டும் (வலைப்பின்னல் இணைப்பு நுழையும் எண்ணிட்ட வாசல்), 49152 முதல் 65535 வரை உள்ள போர்ட்களில் அவ்வப்போது ஏதேனும் ஒன்றும் தேவைப்படுகின்றன. விண்டோஸ் ஃபயர்வாலில் தொலைச் சேவை மேலாண்மைக்கென்று உள்ள விதித்தொகுப்பை ஒவ்வொரு கணினியிலும் திறந்துவிட வேண்டும், நிகழ்வுப் பதிவேட்டுக்கு இன்னொரு தொகுப்பு உண்டு. ஒரே கட்டடத்துக்குள் இது ஏற்கத்தக்கது. கட்டடத்துக்கு வெளியே, இணையத்தை நோக்கி, ஒருபோதும் திறக்கக் கூடாது. இரண்டாவது தொல்லை கணக்குகளைப் பற்றியது. எல்லாக் கணினிகளின் கணக்குகளையும் ஒரே சர்வரில் வைத்து நிர்வகிக்கும் டொமைன் என்ற ஏற்பாடு இல்லாத சிறிய அலுவலகத்தில், இரு கணினிகளிலும் ஒரே பயனர் பெயரும் ஒரே கடவுச்சொல்லும் இருந்தாக வேண்டும். அப்படி இருந்தாலும், உள்ளூர் நிர்வாகக் கணக்கொன்று வலைப்பின்னல் வழியாக வரும்போது அதன் நிர்வாக அதிகாரத்தை விண்டோஸ் உரித்துவிடுகிறது. விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் பதிவகத்தில் (ரெஜிஸ்ட்ரி) ஒரு மதிப்பை மாற்றி இந்தத் தடையை நீக்கலாம் என்று எங்கும் எழுதியிருப்பார்கள், அது வேலையும் செய்கிறது. ஆனால் தடை வைக்கப்பட்டதற்குக் காரணம் உண்டு. எல்லாக் கணினிகளிலும் ஒரே நிர்வாகக் கடவுச்சொல் இருந்து தடையும் நீங்கிவிட்டால், ஒரு கணினிக்குள் நுழைந்த தீம்பொருள் மற்ற எல்லாவற்றுக்குள்ளும் நுழையலாம். தோட்ட அலுவலகத்தின் ஆறு கணினிகளுக்கு இந்த அபாயத்தை ஏற்றுக்கொள்ளலாமா என்று கேட்டால், நோயாளர் பதிவேடு உள்ள கிளினிக்குக்கு ஏற்க மாட்டேன், எடைப் பதிவுக் கணினிகளுக்கு வேறு வழி இல்லாவிட்டால் ஏற்பேன்.

வேறு வழி ஒன்று இருக்கிறது. 2018 ஏப்ரலில் வெளிவந்த விண்டோஸ் அட்மின் சென்டர், ஒரு கணினியில் மட்டும் நிறுவி உலாவி வழியாகத் திறக்கும் கருவி. மற்ற கணினிகளில் எதையும் நிறுவாமல், வின்ஆர்.எம். என்ற முறையில், இயல்பாக 5985 என்ற ஒரே போர்ட் வழியாக அவற்றோடு பேசுகிறது. விண்டோஸ் உரிமத்துக்கு மேல் இதற்குத் தனிக் கட்டணம் இல்லை. சேவைகளைப் பார்க்கவும் நிறுத்தவும் தொடக்க முறையை மாற்றவும் ஒரு பக்கம், நிகழ்வுப் பதிவேட்டுக்கு அதன் அருகிலேயே இன்னொரு பக்கம் என்று இருப்பதால், என் இரண்டாம் அளவுகோலை இது நன்கு நிறைவேற்றுகிறது. கணக்கு விஷயத்திலும் ஒரு முன்னேற்றம் உண்டு: ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனிப் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்து இணைக்கலாம், எனவே எல்லா இடத்திலும் ஒரே கடவுச்சொல் வைக்கும் கட்டாயம் நீங்குகிறது.

இருந்தாலும் இதன் முதல்நாள் வேலை சிறியதன்று. சர்வர் பதிப்புகளில் வின்ஆர்.எம். இயல்பாகவே இயங்கும், சாதாரண விண்டோஸ் 10, 11 கணினிகளில் இயங்காது; ஒவ்வொன்றிலும் ஒருமுறை அமர்ந்து அதை இயக்க வேண்டும். அந்தக் கணினி தன் வலைப்பின்னலைப் பொது வலைப்பின்னல் என்று கருதிக்கொண்டிருந்தால் அந்தக் கட்டளையே மறுக்கப்படும், முதலில் அதைத் தனியார் வலைப்பின்னல் என்று மாற்ற வேண்டும். டொமைன் இல்லாத இடத்தில், இணைக்கப்போகும் கணினிகளின் பெயர்களை நம்பகமானவை என்று பட்டியலிட்டு வைக்கவும் வேண்டும். அந்த இடத்தில் நட்சத்திரக் குறி ஒன்றைப் போட்டு எல்லாவற்றையும் நம்பிவிடும்படி விடும் பழக்கம் பரவலாக இருக்கிறது, அதைத் தவிர்த்துப் பெயர்களையே எழுதுவது சிறந்தது. உள்ளூர்க் கணக்கின் அதிகாரத்தை உரிக்கும் அதே தடை இங்கும் குறுக்கிடலாம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. இன்னும் அதில் ஓடும் கணினிகளில் தொலைநிர்வாக வழிகளைத் திறப்பதற்கு முன், மேம்படுத்த இயலுமா என்று பார்ப்பது பொருத்தமான வரிசை.

லினக்ஸ் பக்கம் வந்தால் காக்பிட்டே முன்னிற்கிறது. ரெட் ஹேட் நிறுவனத்தின் ஆதரவில் உருவாகும் இது டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகளின் மென்பொருள் களஞ்சியங்களிலும் இருப்பதால் நிறுவுவது ஒரே கட்டளை. 9090 என்ற போர்ட்டில் யாராவது தட்டும்போது மட்டுமே சிஸ்டம்டி இதை எழுப்புகிறது. மற்ற நேரங்களில் இது ஓடுவதே இல்லை. பள்ளியின் கணினி அறையில் கோப்புப் பகிர்வுக்காக வைத்திருக்கும் பழைய கணினிக்கு இந்தக் குணம் பெரிய உதவி. சேவைகளின் பக்கத்தில் தோற்றவை மேலே வந்து நிற்கும். ஒன்றைச் சொடுக்கினால் அதன் நிலை, அது சார்ந்திருக்கும் மற்ற சேவைகள், அதன் பதிவேட்டின் கடைசி வரிகள் ஆகிய யாவும் ஒரே பக்கத்தில் தெரியும். தனக்கென்று பயனர் பட்டியல் எதுவும் வைத்துக்கொள்ளாமல், கணினியில் ஏற்கெனவே உள்ள கணக்குகளையே காக்பிட் பயன்படுத்துகிறது; வேலையை விட்டுப்போன ஒருவரின் கணக்கை நீக்கினால் இந்த வாசலும் சேர்ந்தே மூடப்படுகிறது.

பல கணினிகள் என்ற நம் கேள்விக்குத்தான் காக்பிட்டின் பதில் அண்மையில் மாறியிருக்கிறது. முன்பு ஒரு கணினிக்குள் நுழைந்து, அதிலிருந்து எஸ்.எஸ்.எச். என்ற மறையாக்கப்பட்ட தொலைநுழைவு முறை வழியாக மற்றவற்றைச் சேர்த்து, மேல்மூலையில் உள்ள பட்டியலில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவலாம். 2024-இல் உருவாக்குநர்களே அந்த வசதியைக் கைவிடப்போவதாக அறிவித்து, இயல்புநிலையில் அணைத்துவைக்கும் திசையில் சென்றார்கள். காரணம் சிந்திக்கத்தக்கது. ஒவ்வொரு கணினியும் தன் பக்கத்துக்கான நிரலைத் தானே உலாவிக்கு அனுப்புகிறது. எல்லாம் ஒரே உலாவி அமர்வுக்குள் ஓடுவதால், கைப்பற்றப்பட்ட ஒரு கணினி தீய நிரலை அனுப்பினால், அது அதே அமர்வில் திறந்திருக்கும் மற்றக் கணினிகளிலும் கட்டளையிட முடியும். அமைப்புக் கோப்பில் ஒரு வரி எழுதி இதை மீண்டும் இயக்கிக்கொள்ள வழியுண்டு. நான் அதைப் பரிந்துரைக்கவில்லை. நுழைவுப் பக்கத்திலேயே எந்தக் கணினியுடன் இணைவது என்று கேட்கும் இடம் இருக்கிறது, அங்கே பெயரை எழுதி ஒவ்வொன்றாக நுழையலாம்; நாலைந்து லினக்ஸ் கணினிகளுக்கு அதனால் ஆகும் கூடுதல் சிரமம் மிகக் குறைவு. ஒரே திரையில் எல்லாம் என்ற ஆசை எவ்வளவு விலை கேட்கும் என்பதற்கு இந்த மாற்றம் தெளிவான சான்று.

வெப்மின் 1997-இலேயே ஜேமி கேமரன் தொடங்கியது. பெர்ல் மொழியில் எழுதப்பட்டு, 10000 என்ற போர்ட்டில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். டெபியனின் அதிகாரப்பூர்வக் களஞ்சியத்தில் இது இல்லை, அதன் சொந்தக் களஞ்சியத்தைச் சேர்த்து நிறுவ வேண்டும். இதைப் பற்றி எழுதும்போது 2019-ஐத் தவிர்த்துவிட்டுப் போக முடியாது: மூல நிரலில் இல்லாத, அந்நியர் ரகசியமாக நுழைய வழிவிடும் ஒரு பின்வாசல், தொகுத்து வெளியிடும் கணினி வழியாக 1.890 முதல் 1.920 வரையிலான வெளியீடுகளுக்குள் புகுந்திருந்தது அந்த ஆண்டு ஆகஸ்டில் வெளிப்பட்டது, 1.930-இல் அது நீக்கப்பட்டது. அதன்பின் ஆண்டுகள் கடந்துவிட்டன, திட்டமும் துடிப்பாக இயங்குகிறது. ஆனாலும் முழு நிர்வாக அதிகாரத்தோடு ஒரு போர்ட்டில் இடைவிடாது கேட்டுக்கொண்டிருக்கும் எந்த மென்பொருளையும் குறைவாகவே திறந்துவைக்க வேண்டும் என்பதற்கு அந்த நிகழ்வு போதிய காரணம். பல சர்வர்களை ஒரே முகப்பில் அடுக்கும் வசதி வெப்மினில் உண்டு. மற்ற சர்வர்களின் கடவுச்சொற்களை அந்த முதன்மைக் கணினியிலேயே சேமித்துவைத்தால் அதைக் காப்பது இன்னும் முக்கியமாகிவிடும்.

இவ்வளவு சொன்ன பிறகும், வேறெந்தக் கருவியும் இவ்வளவு எளிதாகத் தராத ஒன்று வெப்மினில் இருக்கிறது. பொத்தானை அழுத்தப்போகிறவர் யார் என்ற கேள்வியை எண்ணிப்பாருங்கள். கணினி பராமரிப்பவர் ஈப்போவுக்குப் போயிருக்கும் நாளில் கூட்டுறவுக் கடையின் தரவுத்தளம் நின்றால், கடையைப் பார்த்துக்கொள்பவரே அதை மறுபடி இயக்க முடிய வேண்டும். அதற்காக அவரிடம் முழு நிர்வாகக் கணக்கைக் கொடுக்கவும் முடியாது. வெப்மினில் அவருக்கென்று ஒரு பயனரை உருவாக்கி, தனிப்பயன் கட்டளைகள் என்ற ஒரே பிரிவை மட்டும் காட்டி, அதற்குள் தரவுத்தளத்தை மறுபடி இயக்கு என்று தமிழிலேயே பெயரிட்ட ஒரு பொத்தானை வைத்துவிடலாம். அவர் உள்ளே நுழைந்தால் காண்பது அந்த ஒன்றைத்தான். காக்பிட்டில் இதே கட்டுப்பாட்டை அடைய, கணினியின் அனுமதி விதிகளைக் கையால் எழுத வேண்டும். விண்டோஸ் அட்மின் சென்டரில் பங்கு அடிப்படையிலான அனுமதிகள் உண்டு, ஆனால் அவை ஒரு சேவைக்கு ஒருவர் என்ற அளவுக்கு நுணுக்கமானவை அல்ல.

மற்றவற்றைச் சுருக்கமாகக் கடந்துவிடலாம். மோனிட் என்ற கருவி சேவை செத்தால் தானே எழுப்பும், 2812 என்ற போர்ட்டில் எளிய பக்கம் ஒன்றையும் காட்டும். பல கணினிகளை ஒன்றாகக் காட்டும் அதன் மூத்த வடிவம் கட்டணத்துக்குரியது, மறு இயக்கத்தைச் சிஸ்டம்டியே செய்துவிடும்போது அதைச் சேர்ப்பதற்கான தேவை குறைவு. சர்வர் மேனேஜர் விண்டோஸ் சர்வர் பதிப்புகளுக்கானது. சாதாரண மேசைக் கணினிகளை அது நிர்வகிக்காது.

எந்தக் கருவியை எடுத்தாலும், வீட்டிலிருந்தோ வேறு ஊரிலிருந்தோ அதை அடையும் வழியைத் தனியாக முடிவு செய்ய வேண்டும். ரௌட்டரில் 9090-ஐயோ 10000-ஐயோ இணையத்துக்குத் திறந்துவிடுவது எளிது, செய்யவே கூடாதது. தோட்டத்தின் உட்பகுதியில் கம்பி வழி இணையம் எட்டாமல் செல்பேசிக் கட்டமைப்பின் மோடத்தை நம்பியிருக்கும் இடங்களில் அதற்கு வாய்ப்பும் பெரும்பாலும் இல்லை, ஏனெனில் அங்கே ஒரு பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்கள் பகிர்ந்துகொள்கிறார்கள். வயர்கார்ட் என்ற மறையாக்க இணைப்பு முறையை அடிப்படையாகக் கொண்ட டெய்ல்ஸ்கேல் போன்ற தனியார் வலைப்பின்னல் ஒன்று இரண்டு சிக்கலையும் சேர்த்துத் தீர்க்கிறது: உள்ளிருந்து வெளியே செல்லும் இணைப்பின் வழியாகவே அது அமைவதால் பொது முகவரி வேண்டியதில்லை, நிர்வாகப் போர்ட் எதுவும் வெளியுலகுக்குத் தெரிவதும் இல்லை.

என் முடிவுகள் இவை. தோட்ட அலுவலகத்தில் எல்லாம் விண்டோஸ், எல்லாம் ஒரே கட்டடம், பார்ப்பவரும் ஒருவரே. அங்கே விண்டோஸ் அட்மின் சென்டரை ஒரு கணினியில் நிறுவி, ஒவ்வொரு கணினிக்கும் வெவ்வேறு கடவுச்சொல் வைப்பேன். முதல்நாள் அமைப்புக்கு நேரம் ஒதுக்க இயலாதவர் சேமித்துவைத்த கன்சோல் கோப்போடு தொடங்கலாம், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. பள்ளியின் லினக்ஸ் கணினிக்குக் காக்பிட். கணினி அறையின் விண்டோஸ் கணினிகளுக்குத் தொலைநிர்வாகமே வேண்டியதில்லை, அச்சிடாத கணினிகளில் பிரிண்ட் ஸ்பூலரை நிறுத்தி முடக்கிவிட்டாலே போதும். 2021 ஜூலையில் அந்தச் சேவையில் கடுமையான ஓட்டை வெளிப்பட்டபோது, திருத்தம் வரும் வரை அதை நிறுத்திவைப்பதை மைக்ரோசாஃப்டே ஒரு வழியாகச் சொன்னது நினைவிருக்கலாம். கூட்டுறவுக் கடையின் தரவுத்தளம் லினக்ஸில் இருந்தால், பராமரிப்பவருக்குக் காக்பிட்டும், கடைக்காரருக்கு ஒற்றைப் பொத்தான் உள்ள வெப்மின் கணக்கும் தருவேன். வெப்மினைக் கடையின் உள்வலைப்பின்னலுக்கு மட்டும் கட்டுப்படுத்திவைப்பேன். கிளினிக்கில் தொலைவழி எதையும் நிரந்தரமாகத் திறந்துவைக்க மாட்டேன். அங்கே மீட்பு அமைப்புகளைச் சரியாக வைத்துவிட்டு, அதற்கும் மேல் ஏதாவது நேர்ந்தால் நேரில் போவதே முறை.

கணினிகளின் எண்ணிக்கை முப்பது, நாற்பதைத் தொட்டால் இந்த ஒப்பீடே பழையதாகிவிடும். ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கும் எந்த வரைகலைக் கருவியும் அந்த அளவுக்கு ஈடுகொடுக்காது. ஆன்சிபிள் போன்ற ஒன்றில் எந்தக் கணினியில் எந்தச் சேவை ஓட வேண்டும் என்று எழுதிவைத்து, அதற்குச் செமஃபோர் போன்ற உலாவி முகப்பொன்றைப் போட்டுக்கொள்வதே அப்போது பொருத்தமாக இருக்கும். பக்கத்துத் தோட்டங்களின் அலுவலகங்களும் இதே ஆளிடம் வந்து சேருமானால், அந்த நாள் தொலைவில் இல்லை.